பெயர் தெரியாத போல்ட்டுக்கு மாற்று தேடுவது எப்படி: கழற்றுவதிலிருந்து கடை வரை முழுமையான வழிகாட்டி

பழைய மெஷினில் ஒரு போல்ட் உடைந்துவிட்டது, அல்லது தொலைந்துவிட்டது. சென்னை பாரிமுனைக்குப் போய் "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கண்ணால் பார்த்து ஏறக்குறைய ஒன்றை எடுத்துத் தருவார். அது இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். "புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால் கதை முடிந்தது. போல்ட் போனால் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ. உள்ளே இருக்கும் மரை போனால் வார்ப்பு உடம்பே போச்சு.

இந்த வேலையில் புதியவர்கள் தடுமாறுவது அளக்கத் தெரியாமல் இல்லை, வரிசை தவறுவதால்தான். கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான போல்ட்டுகளின் பெயரை வீட்டு மேஜையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெர்னியர் (தாடைகளுக்கு நடுவே பிடித்து நுணுக்கமாக அளக்கும் கருவி). 0.02 மி.மீ. காட்டும் சாதாரண ஸ்டீல் வெர்னியரே போதும். டிஜிட்டல் வாங்கினால் இஞ்ச், மில்லிமீட்டர் இரண்டும் மாற்றிக் காட்டுவதாக இருக்கட்டும்.

இரண்டு பிட்ச் கேஜ், அதாவது மரையின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் வெட்டிய தகட்டு இலைகள். ஒன்று மெட்ரிக் (மரையின் கோணம் 60 டிகிரி), இன்னொன்று விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரைக்கு (55 டிகிரி). இரண்டும் சேர்ந்த செட்டும் கிடைக்கும். மெட்ரிக் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பழைய மெஷினில் கை வைப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு எல்லாமே மெட்ரிக்காகத்தான் தெரியும்.

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், நல்ல டார்ச், பெரிதாக்கிப் பார்க்க லென்ஸ் அல்லது செல்போன் கேமரா, மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு காந்தம். அப்புறம், அளவு நிச்சயமாகத் தெரிந்த சில நட்டு, போல்ட்டுகள். இந்தக் கடைசிப் பொருளை யாரும் சேர்த்து வைப்பதில்லை. எம்5, எம்6, எம்8, எம்10 (மெட்ரிக், எண் மி.மீ. விட்டம்), 1/4, 5/16, 3/8 (இஞ்ச்) ஆகியவற்றில் ஒவ்வொரு ஜோடி வாங்கி, சீட்டு ஒட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விலை உயர்ந்த கேஜ் செய்யும் வேலையில் பாதியை இது செய்யும்.

2. கழற்றும்போதே பாதி விடை

கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், போல்ட் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதெல்லாம் பின்னால் நீளம் தீர்மானிக்க உதவும். தேய்ந்த பழைய போல்ட்டின் நீளத்தை மட்டும் நம்ப முடியாது. இடையில் யாரோ மாற்றிப் போட்டதாகக்கூட இருக்கலாம்.

எந்தத் திசையில் கழன்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி, சைக்கிளின் இடது பெடல், கேஸ் வெல்டிங்கில் எரிவாயு பக்கத்து நட்டு ஆகியவை இடது மரை. எரிவாயு நட்டின் மூலைகளில் சிறு வெட்டு இருக்கும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுற்றும் பாகம் எதையாவது பிடித்திருக்கும் நட்டு வழக்கமான திசையில் வர மறுத்தால், பலத்தைக் கூட்டுவதற்கு முன் எதிர்த்திசையில் ஒருமுறை பாருங்கள்.

முக்கியமானது இது: உடைந்த போல்ட்டை மட்டும் அளக்காதீர்கள். அதே மூடியில், அதே வரிசையில் அதன் உடன்பிறப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கழற்றுங்கள். உடைந்தது பெரும்பாலும் இழுபட்டு நீண்டிருக்கும், மரை இடைவெளியே மாறியிருக்கும். காசிமேட்டிலும் எண்ணூர்க் கடற்கரைப் பக்கமும் உள்ள மெஷின்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று வெளியே தெரியும் மரையைத் தின்றுவிடும். ஓட்டைக்குள் இருந்த பகுதி மட்டும் பழைய அளவில் இருக்கும். அளவை அங்கே எடுங்கள்.

3. சுத்தம், ஆனால் மென்மையாக

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு பிரஷ் வைத்துத் தேய்த்தால் போதும். கிரைண்டரில் பொருத்தும் கம்பி பிரஷ் வேண்டாம். அது மரையின் முகட்டைச் சாப்பிட்டுவிடும், விட்டம் குறைவாகக் காட்டும்.

மரையைச் சரிசெய்கிறேன் என்று டை (போல்ட்டில் மரை வெட்டும் கருவி) ஓட்டுவது அதைவிட மோசம். எந்த மரை என்று தெரியாத போல்ட்டின் மேல் கையில் இருக்கும் டையை ஓட்டினால், இருந்த ஒரே சாட்சியும் அழிந்துவிடும். பெயர் தெரியும் வரை மாதிரியின் மேல் எந்த வெட்டும் கருவியும் படக்கூடாது.

4. மெஷின் எந்த ஊர்க்காரன்?

அளப்பதற்கு முன் இந்தக் கேள்வி. விடை தெரிந்தால் நூற்றுக்கணக்கான வாய்ப்புகள் நாலைந்தாகச் சுருங்கும்.

பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய லேத், பம்ப், அச்சு இயந்திரம் என்றால் மரை வகை பிஎஸ்டபிள்யூ (விட்வொர்த்தின் அகல மரை), பிஎஸ்எஃப் (அதன் நெருக்க மரை), சின்ன திருகாணிகளில் பிஏ. அமெரிக்க வடிவமைப்பு என்றால் யுஎன்சி (அகல மரை), யுஎன்எஃப் (நெருக்க மரை). ஜெர்மன் என்றால் மெட்ரிக், அதிலும் பைன் பிட்ச் (நெருக்கமான மரை) அதிகம் வரும். ஜப்பான் என்றாலும் மெட்ரிக்தான், ஆனால் தலை சிறியது: எம்8-க்கு 12 ஸ்பேனர், எம்10-க்கு 14, எம்12-க்கு 17. இதே அளவுகளுக்கு நம் கடைகளில் கிடைப்பது வழக்கமாக 13, 17, 19. அதனால்தான் ஸ்பேனர் எண்ணை வைத்து "பதினாலு நம்பர் போல்ட் குடுங்க" என்று கேட்பது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. விட்வொர்த் ஸ்பேனரிலோ எண்ணே வேறு பொருள்: 1/4 என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் விட்டம். தலையின் அகலம் 13.3 மி.மீ. வரும்.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சைக்கிள் மரை. பல விட்டங்களில் இஞ்சுக்கு 26 மரை என்ற ஒரே கணக்கு, கோணம் 60 டிகிரி. பிஎஸ்எஃப், பிஎஸ்டபிள்யூவும் அதே வண்டியில் கலந்திருக்கும். இதைப் பற்றி ஆறாவது படியில் மீண்டும் வருகிறேன்.

தையல் மெஷின் தனி உலகம். வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டைச் சுற்றியுள்ள தையல் கூடங்களில் ஓடும் மெஷின்களில் 9/64 விட்டத்துக்கு 40 மரை, 11/64-க்கு 40, 15/64-க்கு 28 என்று எந்தப் பொதுப் பட்டியலிலும் சிக்காத அளவுகள் வரும். மெஷின் ஜப்பானில் செய்ததாக இருந்தாலும் இப்படித்தான். ஹார்டுவேர் கடையில் இவற்றைத் தேடுவது வீண். தையல் மெஷின் உதிரிபாகக் கடைக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஊரை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாமே மெட்ரிக்காக இருக்கும் கேமராவின் அடியில் டிரைபாடுக்கான ஓட்டை மட்டும் இன்றும் 1/4 இஞ்ச், 20 மரை. கை டிரில்லில் சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) ஏறும் இடம் பெரும்பாலும் 3/8-க்கு 24 அல்லது 1/2-க்கு 20. முதல் ஊகத்துக்கு மட்டும்தான் ஊர்.

5. விட்டம்: சொல்லும் அளவும் காட்டும் அளவும்

தேயாத மரையில், முகட்டிலிருந்து முகட்டுக்கு வெர்னியரால் அளங்கள். இரண்டு மூன்று இடங்களில், போல்ட்டைக் கால் சுற்று திருப்பித் திருப்பி. வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது.

காட்டும் எண் பெயரில் உள்ள எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். புத்தம் புதிய எம்8 போல்ட்கூட 7.76-லிருந்து 7.97 மி.மீ. வரை எங்கு வேண்டுமானாலும் காட்டலாம். நட்டுக்குள் சுழல இடம் வேண்டும் என்பதற்காகவே அந்தக் குறைவு. "7.8 காட்டுகிறது, இது ஏதோ விசேஷ அளவு" என்று குழம்ப வேண்டாம்.

ஆனால் குறைவுக்கும் ஓர் எல்லை உண்டு. தேயாத போல்ட் 9.45 காட்டினால் அது எம்10 இல்லை. எம்10 சாதாரணமாக 9.73-க்குக் கீழே இறங்காது. 3/8 இஞ்ச் (9.525) என்று சந்தேகப்படுங்கள். 6.3 காட்டினால் 1/4 (6.35). 12.6 காட்டினால் 1/2 (12.7). சிக்கல் 5/16-ல் மட்டும்தான்: அது 7.94. எம்8-இன் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விட்டத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

6. பிட்ச்: இங்கேதான் பொழுது செலவழிக்க வேண்டும்

ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம் பிட்ச். மெட்ரிக்கில் அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள், இஞ்ச் மரையில் ஓர் இஞ்சுக்கு எத்தனை மரை என்று சொல்வார்கள். இரண்டுக்கும் பாலம் 25.4. இஞ்சுக்கு 20 மரை என்றால் 25.4-ஐ 20-ஆல் வகுக்க 1.27 மி.மீ. இந்த ஒரு கணக்கு வந்துவிட்டால் எல்லாப் பட்டியலையும் ஒரே மொழியில் படிக்கலாம்.

பிட்ச் கேஜின் இலையை மரையில் வைத்து, பின்னால் வெளிச்சம் வரும்படி பிடித்துப் பாருங்கள். சரியான இலை என்றால் எங்கும் வெளிச்சம் கசியாது. ஒரு ஓரத்தில் பொருந்தி மறு ஓரத்தில் முகடு மேல் முகடு ஏறி நின்றால் தவறான இலை. இலை பொருந்திவிட்டது என்று அங்கேயே நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. பக்கத்து இலைகளையும் வைத்துப் பாருங்கள், மற்ற செட்டின் இலைகளையும் வைத்துப் பாருங்கள். இரண்டு பொருந்துவது போலத் தெரிந்தால் அடுத்த வேலை அளப்பது.

ஒரே ஒரு பிட்சை அளக்காதீர்கள். பத்தை மொத்தமாக அளந்து பத்தால் வகுங்கள். கை நடுக்கத்தில் வரும் பிழையும் பத்தில் ஒன்றாகிவிடும். ஸ்டீல் ஸ்கேலைப் போல்ட்டின் மேல் ஒட்ட வைத்து, நேர் மேலிருந்து செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள். சாய்வாக எடுத்தால் எண் மாறும். படம் எடுக்க வழியில்லை என்றால் வெள்ளைத்தாள் மேல் மரையை அழுத்தினாலும் கோடுகள் விழும், அவற்றை அளக்கலாம்.

எண்ணும்போது கவனம்: பத்து பிட்ச் என்றால் பதினோரு முகடு. முதல் முகட்டைப் பூச்சியம் என்று எண்ணத் தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கிப் பத்தில் நிறுத்தினால் ஒன்பது பிட்சைத்தான் அளந்திருப்பீர்கள். நான் பார்த்த தப்பான விடைகளில் பெரும்பகுதி இங்கே பிறந்ததுதான்.

இத்தனை பாடு எதற்கு என்பதற்கு அந்தப் பழைய புல்லட்டே சாட்சி. 5/16 சைக்கிள் மரையின் விட்டம் 7.94, இஞ்சுக்கு 26 என்றால் பிட்ச் 0.977. கடையில் கிடைக்கும் எம்8 பைன் ஒன்றின் பிட்ச் 1.0. கோணமும் இரண்டிலும் 60. கேஜ் இலையில் இரண்டும் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் பத்து பிட்ச் அளந்தால் ஒன்று 9.77 வரும், மற்றது 10.0 வரும். அந்தக் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கவனிக்காமல் எம்8-ஐ ஏற்றினால் முதலில் சுகமாகப் போகும். ஆழமாகப் போகப் போக ஒவ்வொரு மரையும் மற்றதன் தோளில் ஏறும். அலுமினிய உடம்பு என்றால் உள்மரை சுருட்டிக்கொண்டு வந்துவிடும்.

தையல் மெஷின் திருகாணியும் இதே வகை. விட்டம் 4.3 காட்டும், பத்து பிட்ச் 6.35 வரும், ஆகவே 0.635, அதாவது இஞ்சுக்கு 40. எம்4-இன் பிட்ச் 0.7, எம்4.5-க்கு 0.75. இரண்டும் கிடையாது. 11/64 என்றால் 4.37, விடை வந்துவிட்டது. எம்4-ஐ ஏற்றிப் பார்த்தால் தொளதொளவென்று உள்ளே போகும், இறுக்கும்போது நிற்காது.

இன்னும் சில இரட்டையர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்5 (5.0 விட்டம், 0.8 பிட்ச்), அமெரிக்க 10-32 (4.83, 0.794), 2 பிஏ (4.7, 0.81). மூன்றும் ஒன்றோடொன்று கொஞ்சதூரம் போகும். எலெக்ட்ரிக்கல் பெட்டிகளிலும் பழைய மீட்டர்களிலும் இந்த மூவரும் மாறி மாறி வருவார்கள்.

எம்6 (6.0, 1.0) மற்றும் 0 பிஏ (6.0, 1.0). விட்டமும் பிட்சும் ஒன்றே. கோணம் மட்டும் 60-க்குப் பதில் 47.5.

1/2 இஞ்சில் யுஎன்சி 13 மரை, பிஎஸ்டபிள்யூ 12 மரை. மற்ற வழக்கமான அளவுகளில் (1/4-க்கு 20, 5/16-க்கு 18, 3/8-க்கு 16) இரண்டும் ஒரே எண்ணிக்கை. ஆகவே அமெரிக்க போல்ட்டைப் பிரிட்டிஷ் மெஷினில் போட்டுப் பழகியவர்கள் 1/2-ல் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

7. கோணம்

விட்டமும் பிட்சும் கிடைத்தபின் பெரும்பாலும் கோணம் தானாகவே தெரிந்துவிடும். சந்தேகம் எழுவது 1/4-20 போன்ற இடங்களில்தான்: யுஎன்சி 60, விட்வொர்த் 55. லென்ஸில் பாருங்கள். விட்வொர்த்தின் முகடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும், யுஎன்சியின் முகடு தட்டையாக இருக்கும். தேய்ந்த போல்ட்டில் இந்த வித்தியாசம் மங்கிவிடும், அப்போது நான்காம் படியில் கண்ட ஊரை நம்புங்கள். மூடிகள், காவல் தகடுகள் போன்ற லேசான வேலைக்கு இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, ஓடவும் செய்கிறது. பளு தாங்கும் இடத்தில் வேண்டாம். பக்கவாட்டுகள் முழுதாக ஒட்டாததால் அதிர்வில் தளரும்.

வைஸ், ஜாக், லேத்தின் நீண்ட திருகு ஆகியவற்றில் மரை முக்கோணமாக இருக்காது, மேலே தட்டையான மேடையாக இருக்கும். மெட்ரிக் என்றால் 30 டிகிரி, அக்மே என்ற இஞ்ச் வகை என்றால் 29. இவை ஹார்டுவேர் கடைச் சரக்கே அல்ல. பாகம் விற்பவரிடமோ லேத்திலோதான்.

8. தெரிந்த நட்டைப் போட்டுப் பார்ப்பது

இப்போது அந்த டப்பாவைத் திறங்கள். நீங்கள் முடிவு செய்த அளவின் நட்டை மாதிரி போல்ட்டில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். நட்டின் முழு உயரமும் ஏறி, மறுபுறம் வெளியே வர வேண்டும். முக்கால் வரை போனால் "சரி" என்று அர்த்தமில்லை. பிட்ச் மாறிய மரை நிற்பதே அங்கேதான்.

முழுதும் போகிறது, ஆனால் பக்கவாட்டில் நன்றாக ஆடுகிறது என்றால் விட்டம் தவறு. ஆட்டமில்லாமல் விரலால் முழுதும் போனால் நீங்கள் கண்டுபிடித்தது சரி. எந்தக் கட்டத்திலும் ஸ்பேனரைத் தொடாதீர்கள். இந்தச் சோதனையை மெஷினின் ஓட்டையில் செய்யாமல் மாதிரியில் செய்வதும் அதற்காகவே. கெட்டால் மாதிரி கெடட்டும்.

9. போல்ட்டே இல்லை, ஓட்டை மட்டும்தான்

வெர்னியரின் உள்தாடையால் ஓட்டையை அளங்கள். கிடைப்பது மரையின் உள்விட்டம். அதோடு பிட்சைக் கூட்டினால் ஏறக்குறைய போல்ட்டின் விட்டம் வரும். 6.8 ஓட்டை, 1.25 பிட்ச் என்றால் 8.05, அதாவது எம்8.

ஆனால் ஓட்டைக்குள் பிட்சை எப்படி அளப்பது? மென்மையான மரக்குச்சியை ஓட்டையைவிடச் சற்றே பருமனாகச் சீவி, மெல்லத் திருகி உள்ளே விட்டு, திருகியபடியே வெளியே எடுங்கள். மரத்தில் தடம் பதிந்திருக்கும். அதைவிடத் தெளிவாக வேண்டும் என்றால் ஓட்டைக்குள் கிரீஸ் தாராளமாகத் தடவி, எம்-சீல் பிசைந்து உள்ளே அழுத்தி, நடுவில் பிடிக்க ஒரு கம்பியைச் செருகி, நன்றாக இறுகியபின் திருகி எடுக்கலாம். கிரீஸில் கஞ்சத்தனம் காட்டினால் எம்-சீல் அங்கேயே குடியிருந்துவிடும். அடி மூடிய ஓட்டையில் முழு ஆழத்துக்கும் நிரப்ப வேண்டாம், எட்டுப் பத்து மரை போதும்.

10. குழாய் மரை: பெயருக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை

ஏர் லைன், கிரீஸ் நிப்பிள், பிரஷர் கேஜ், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை அளந்து வரும் விட்டம் எந்தப் போல்ட் பட்டியலிலும் இல்லையென்றால் அது குழாய் மரைதான். 1/2 பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) என்பதன் வெளிவிட்டம் 12.7 இல்லை, 20.96 மி.மீ. 1/4 பிஎஸ்பி 13.16. 1/8 பிஎஸ்பி 9.73. குழாயின் உட்பக்கத்தை வைத்துப் பெயர் வைத்த பழைய வழக்கம் இது.

1/8 பிஎஸ்பியை எம்10 பைன் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும். பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 28 மரை, பிட்ச் 0.907. எம்10 பைன் என்றால் 1.0 அல்லது 1.25.

இறக்குமதி கம்ப்ரசர், கேஜ் என்றால் அமெரிக்கக் குழாய் மரையான என்பிடி வரும். 1/4-ல் பிஎஸ்பி 19 மரை, என்பிடி 18. எண்ணினால் பிரித்துவிடலாம். 1/2-லும் 3/4-லும் இரண்டுக்குமே 14 மரை. கோணம்தான் வேறு: பிஎஸ்பி 55, என்பிடி 60. டேப் சுற்றி இறுக்கினால் நின்றது போலத் தெரியும், அழுத்தம் ஏறியதும் கசியும். நுனி ஒடுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒடுங்கும் மரையை முதல் மரையில் ஒன்று, கடைசி மரையில் ஒன்று என இரண்டு இடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

11. தலை, நீளம், வலு

நீளம் தலைக்கு அடியிலிருந்து நுனி வரை. தலை புதைந்து மேற்பரப்போடு சமமாக நிற்கும் கவுன்டர்சங்க் வகையில் மட்டும் தலையையும் சேர்த்து. மரை முழுதும் இருக்கிறதா, பாதிதானா என்பதையும் எழுதுங்கள். பாதி மரை இருந்த இடத்தில் முழு மரை போட்டால், இரண்டு தகடும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முயலும் இடத்தில் மரையின் பள்ளம் வந்து நிற்கும். அங்கேதான் ஒடியும்.

தலைமேல் இருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். 8.8 என்றால் முதல் எட்டு இழுவலு: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அடுத்த எட்டு, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-ல் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்கிறது. 10.9, 12.9 இதே கணக்கு. இஞ்ச் போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும்: மூன்று கோடு கிரேட் 5, ஆறு கோடு கிரேட் 8. ஏ2-70 என்றால் 304 ஸ்டெயின்லெஸ், ஏ4 என்றால் 316. கடல் தண்ணீர் படும் இடத்துக்கு ஏ4 கேளுங்கள். ஏ2-வில் நாளடைவில் துரு அரித்துச் சிறு துளைகள் விழும். காந்தம் ஒட்டவில்லை என்றால் ஸ்டெயின்லெஸ் என்று ஊகிக்கலாம். லேசாக ஒட்டினால் இல்லை என்று சொல்லிவிட முடியாது, குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய 304 கொஞ்சம் ஒட்டும்.

12.9 இருந்த இடத்தில் "ஸ்டெயின்லெஸ் போட்டா துருப்பிடிக்காது" என்று மாற்றுவது நம் பக்கம் பரவலான பழக்கம். துரு பிடிக்காதுதான். வலுவோ ஏறக்குறைய 1200-லிருந்து 700-க்கு இறங்கிவிட்டது. பிரேக், ஸ்டியரிங், தூக்கும் கொக்கி, அழுத்தம் தாங்கும் கலன் ஆகியவற்றில் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு பரிசோதனை வேண்டாம், தயாரித்தவர் சொன்ன பாகத்தையே வாங்குங்கள்.

12. கடையில் கேட்கும் முறை

வட சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி: போல்ட் கடைகள் உள்ள செம்புதாஸ் தெருவும் லிங்கி செட்டி தெருவும் மெட்ரோவில் எட்டும் தூரம். மண்ணடியில் இறங்கினால் நடந்துவிடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும்.

சீட்டில் இந்த வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள்: மரையின் வகை, விட்டம், பிட்ச், நீளம், தலை, வலு, பூச்சு, எத்தனை. "அண்ணே, எம்10-ல பைன், ஒண்ணேகால் பிட்ச், நாப்பது நீளம், ஹெக்ஸ், எட்டுப் புள்ளி எட்டு, பாதி மரை" என்று கேட்டால் நேராகச் சரியான டப்பா இறங்கும். பிட்சைச் சொல்லாமல் "எம்10" என்று மட்டும் சொன்னால் 1.5 பிட்ச் கோர்ஸ்தான் (அகல மரை) வரும். அதுதான் வழக்கச் சரக்கு. இஞ்ச் சரக்கில் பழைய கடைக்காரர்கள் நூல் கணக்கில் பேசுவார்கள். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல், ஆகவே மூணு நூல் என்றால் 3/8.

மாதிரியையும் எடுத்துப் போங்கள், ஆனால் சீட்டை முதலில் நீட்டுங்கள். மாதிரியை முதலில் கொடுத்தால் கடைக்காரர் அவர் பங்குக்குக் கண்ணால் அளக்கத் தொடங்குவார். புதியதை வாங்கியதும் அங்கேயே மாதிரியோடு மரைக்கு மரை கோத்து வெளிச்சத்தில் பாருங்கள், பிட்ச் கேஜும் வையுங்கள். "டைட் பண்ணா போயிடும் சார்" என்று சொன்னால் நன்றி சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள். ஒன்று தேவைப்படும் இடத்தில் நாலு வாங்குங்கள், அடுத்த முறை அந்தக் கடையில் அதே சரக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிஎஸ்எஃப், பிஏ, சைக்கிள் மரை ஆகியவை பொதுக் கடையில் இல்லாவிட்டால் பழைய புல்லட் உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள், காயலான் கடையிலும் கிளறலாம். அங்கே வாங்குவதை ஐந்தாம், ஆறாம் படிகளில் மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

13. எங்குமே இல்லையென்றால் லேத்

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. போகும்போது மாதிரி, சீட்டு, அதோடு பொருந்தும் நட்டு ஒன்றையும் கொண்டுபோங்கள். நட்டு இருந்தால் அவர் வெட்டிக்கொண்டே ஏற்றிப் பார்த்துக்கொள்வார். நட்டு இல்லையென்றால் ஓட்டையுள்ள பாகத்தையே கழற்றிக்கொண்டு போக முடியுமா பாருங்கள்.

வேலை கொடுக்கும் முன் ஒரு கேள்வி: "இஞ்ச் லேத்தா, மெட்ரிக் லேத்தா?" பழைய இஞ்ச் லேத்தில் 26 மரையோ 40 மரையோ கியர் மாற்றி நேராக வெட்டிவிடலாம். அதே லேத்தில் மெட்ரிக் பிட்ச் துல்லியமாக வர 127 பல் கியர் வேண்டும். அது இல்லாத இடத்தில் பக்கத்து கியரை வைத்து ஏறக்குறைய வெட்டித் தருவார்கள். குட்டையான நட்டுக்கு அது ஓடும், ஆழமான ஓட்டைக்கு ஓடாது.

எந்த இரும்பில் கடைய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பட்டறையில் கிடக்கும் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், மென் எஃகு) ராடில் செய்துவிடுவார்கள். பழையது 8.8 என்றால் அதற்கு எம்எஸ் ஈடாகாது. முடிந்தால், பெரிய 8.8 அல்லது 10.9 போல்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதைக் கடைந்து சிறிதாக்கி மரை போடச் சொல்லுங்கள். இரும்பு என்னவென்று தலையிலேயே எழுதியிருக்கும். கடைவது கொஞ்சம் சிரமம் என்று கூலி கூடக் கேட்பார்கள். நியாயம்தான்.

ஓட்டை ஏற்கெனவே கெட்டிருந்தால் புது போல்ட் கடைவதில் பயனில்லை. சுற்றிலும் போதிய சதை இருந்தால் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் (புது உள்மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். அப்போது பழைய விசித்திர மரையை விட்டுவிட்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும் எம்8-க்கோ எம்10-க்கோ மாறிவிடலாம். மாறினால் அந்த இடத்தில் பெயின்ட்டால் அளவை எழுதி வையுங்கள், அடுத்து கழற்றுபவர் மற்ற ஓட்டைகளைப் போல இதையும் நினைத்து பழைய போல்ட்டை ஏற்றிவிடக் கூடாது.